காலையில் நடுங்கும் கார்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை காலை, கற்பிட்டிக்குத் தெற்கே கண்டக்குழியில், நான்கு சிலிண்டர் கொண்ட வெள்ளை ஜப்பான் கார் ஒன்று மூன்று சிலிண்டரில் ஓடியது.

காரை ஓட்டியவள் யூஜினி. அவளுடைய வீட்டிலிருந்து கடற்கரை விடுதி ஒரு கிலோமீற்றர்கூட வராது. அந்தத் தூரத்துக்குள் ஸ்டியரிங் அவளை முழங்கை வரை உலுக்கியது. கண்ணாடியில் தொங்கிய செபமாலை பக்கத்துக்குப் பக்கம் ஆடியது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. விடுதி வாசலில் அவள் காரை நிறுத்தியபோது, கதிரையில் தூங்கிக்கொண்டிருந்த காவலாளி எழுந்து நின்றுவிட்டார்.

விடுதியின் முகாமையாளர் அஜித்தா பிளேன்டீக் கோப்பையோடு வெளியே வந்து காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். சிலாபத்துக்காரி; கோபம் வந்தாலும் குரலை உயர்த்தாதவள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தேநீர் விளிம்பைத் தாண்டி அவளுடைய விரலில் சிந்தியது.

“யூஜினி அக்கா, இது கார்தானே? தையல் மெசின் இல்லையே?”

“காலையில மட்டுந்தான் மிஸ் இப்பிடிச் செய்யுது. கொஞ்சத் தூரம் ஓடினாச் சரியாயிரும்.”

“காலையிலதானே எனக்குக் கார் வேணும்.”

அது உண்மை. காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குவதற்காகக் கண்டக்குழிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள், நாலு நாள் சறுக்கிய பிறகு ஐந்தாம் நாள் கை வலிக்கிறது என்று காடு பார்க்கக் கிளம்புவார்கள். எலுவன்குளத்தில் வில்பத்துக் காட்டின் வாசலில் ஜீப் காத்து நிற்கும். வாசல் திறக்கும் நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டுமானால் இங்கே இருட்டோடு புறப்பட வேண்டும். இதுவரை அஜித்தா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வேனைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த சீசனில் ஒரே ஆளிடம் கொடுத்துவிட நினைத்தாள். பெண் ஓட்டினால் பெண் விருந்தினர்கள் நிம்மதியாக ஏறுவார்கள் என்பது அவளுடைய கணக்கு. யூஜினி ஐந்து வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய தன் ஓட்டோவை விற்றுவிட்டுக் கார் வாங்கியதே இந்த ஓட்டத்தை நம்பித்தான்.

“சனிக்கிழமை ரெண்டு பொம்பிளைகள் காட்டுக்குப் போறாங்க,” என்றாள் அஜித்தா. “வெள்ளிக்கிழமைக்குள்ள கார் சரியாச்செண்டா அவங்களை நீங்க கூட்டிட்டுப் போங்க, சீசன் முழுக்க உங்களுக்குத்தான். இல்லாட்டி நான் புத்தளத்து வேன்காரருக்குச் சொல்லிருவன் அக்கா. கோவிக்காதீங்க. எனக்கும் ஒவ்வொரு நாளும் ஆள் தேட ஏலாது.”

“ஓம் மிஸ்,” என்றாள் யூஜினி.

அவள் வீட்டுக்குப் போய்க் கணவன் றொபியை ஏற்றிக்கொண்டு நேரே நுரைச்சோலைக்கு விட்டாள். றொபி கடல் தொழில்காரன். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து வெளிக்கடலுக்குப் படகு இறக்க முடியாது. படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. எஞ்சின் கொட்டிலில் தொங்கியது. றொபி வீட்டில் இருந்தான். தலவில் கோயில் சந்தியைத் தாண்டும்போது நடுக்கம் குறைந்தது. மஞ்சள் விளக்கு மின்னுவதை விட்டு அமைதியாக எரிந்தது. நுரைச்சோலையில், வெங்காயப் பாத்திகளுக்கும் வீதிக்கும் இடையில் இருக்கும் கராஜை அடைந்தபோது, கார் பால் குடித்த பூனையைப் போல நின்றது.

கராஜ்காரர் ஹயாத்து முகம்மது. வெங்காயம் செய்கிற குடும்பத்தில் பிறந்து வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின்களைத் திருத்தித் திருத்தி கார்களுக்கு வந்தவர். கடலுக்குப் பக்கத்தில் வாழ்ந்தாலும் படகில் கால் வைத்தால் வாந்தி எடுப்பார்; அதை அவரே எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார். ஈஸ்டருக்கு முன் இந்தக் காரை வாங்குகிறபோது சிலாபம் வரை போய்ப் பார்த்து, நல்ல வண்டி என்று சொன்னவரும் அவர்தான். 

அவர் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் மேல் வைத்தார். தண்ணீர் அசையவில்லை.

“தங்கச்சி, இதுக்கு ஒண்டுமில்லையே.”

“இப்ப இல்ல நானா. காலையில வந்து பாத்திருக்கோணும் நீங்க.”

“என்ட மகளும் இப்பிடித்தான். பள்ளிக்கூடம் போற நேரம் மட்டும் வயித்துவலி. மத்த நேரம் புரியாணி கேட்பா.”

“நீங்க பாத்துச் சொன்ன வண்டிதானே நானா,” என்றான் றொபி.

“அதத்தான் நானும் நெனச்சிக்கிட்டிரிக்கன் மச்சான். நீ ஞாபகப்படுத்தத் தேவல்ல.”

ஸ்கேனரை அவர் செருகினார். கார் சுகமாக நின்றாலும் அதன் நினைவில் காலையில் நடந்தது பதிவாகி இருந்தது: மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை. நான்கு சிலிண்டரும் முறை வைத்துப் பெற்றோலை எரிக்க வேண்டும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குழி. குழியின் அடியில் பொறி விடும் பிளக். பிளக்கின் மேல் அதற்கு மின்சாரம் கொடுக்கும் கொயில். ஒன்று எரியாவிட்டால் மற்ற மூன்றும் அதை இழுத்துக்கொண்டு ஓடும். அந்த இழுப்புத்தான் நடுக்கம்.

ஹயாத்து முகம்மது மூன்றாவது பிளக்கைக் கழற்றினார். கழுத்தில் கொஞ்சம் துரு இருந்தது. அதைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்து, கற்பிட்டிப் பக்கத்துக் காரில் துரு இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று சொல்லிப் புதியது ஒன்றைப் போட்டார். பிறகு இரண்டாவது கொயிலை மூன்றாவது இடத்துக்கும் மூன்றாவதை இரண்டாவது இடத்துக்கும் மாற்றினார்.

“களவு செய்யிறது கொயில் எண்டா, கொயில் போற வீட்டுக்குக் களவும் போகும். நாளைக்கு ரெண்டாவது எரியாட்டி ஆளைப் பிடிச்சிட்டம்.” கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “வண்டிக்கு நீங்க ஏதும் செஞ்சீங்களா? வயர் கழட்டினது, எண்ணெய் மாத்தினது?”

“ஒண்டும் செய்யல்ல நானா,” என்றான் றொபி. “சும்மா சுத்தமா வச்சிருக்கிறம். அவ்வளவுதான்.”

புதன்கிழமை காலை கார் மறுபடியும் நடுங்கியது. யூஜினி மறுபடியும் நுரைச்சோலைக்கு விட்டாள். தலவிலைத் தாண்டியதும் நடுக்கம் மறுபடியும் நின்றது. ஸ்கேனர் மறுபடியும் மூன்றாவதைச் சொன்னது. ஆகவே கொயில் களவு செய்யவில்லை. புதிய பிளக்கும் செய்யவில்லை. ஹயாத்து முகம்மது பெற்றோலை ஒரு போத்தலில் இறக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் கலக்கவில்லை. பெற்றோல் தெளிக்கும் குழாய்களின் மேல் நீண்ட ஸ்குரூடிரைவரை வைத்துக் காதைக் கொடுத்தார். நாலும் ஒரே மாதிரித் துடித்தன. சிலிண்டருக்குள் அமுக்கம் அளந்தார். நாலிலும் ஒரே அளவு.

“சுகமான ஆள்,” என்றார். அதைச் சொன்ன குரலில் சந்தோசம் இல்லை.

“சுகமான ஆள் ஏன் நானா காலையில வலிப்பு வந்த மாதிரி நடுங்கோணும்?”

“இண்டைக்கு ராவு இங்க நிக்கட்டும் தங்கச்சி. விடியக்க நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கன்.”

இருவரும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். யூஜினி அன்றிரவு அஜித்தாவுக்கு அனுப்ப ஒரு செய்தியைத் தட்டி, அழித்து, மறுபடியும் தட்டி, கடைசியில் அனுப்பாமல் விட்டாள். அவளிடம் சொல்லுவதற்கு நல்லதும் இல்லை, கெட்டதும் முடிவாகவில்லை.

வியாழன் காலை ஹயாத்து முகம்மதின் அழைப்பு வந்தது.

“உங்கட கார் நல்லாத் தூங்கி எழும்பிச்சி. ஒரு நடுக்கமுமில்ல.”

“அப்ப சரியாயிட்டா நானா?” யூஜினி எழுந்தே நின்றுவிட்டாள்.

“அவசரப்படாதீங்க. நான் ஒண்டுமே செய்யல்லயே, எப்பிடிச் சரியாகும்? இங்க படுத்தா நடுங்கல்ல, அங்க படுத்தா நடுங்குது. நோய் கார்ல இல்ல. உங்கட ஊர்ல இரிக்கி.”

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த றொபிக்கு இது பிடிக்கவில்லை. “எங்கட ஊருக்கு என்ன குறை நானா? நல்ல காத்து, நல்ல தண்ணி. நுரைச்சோலையில மாதிரி மின்நிலையத்து நிலக்கரித் தூசா இங்க?”

“கோவிக்காத மச்சான். காரைக் கொண்டுபோங்க. எப்பவும் என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. ஒண்டையும் மாத்தாதீங்க. எங்க நிப்பாட்டுவீங்களோ அங்கயே நிப்பாட்டுங்க. நாளைக்கு சுபஹு தொழுதிட்டு நானே வாறன். என்ட வாசல்ல நடிக்கிறவன், அவன்ட வீட்டில நடிக்க மாட்டான்.”

ஒன்றையும் மாற்றவில்லை. எப்போதும் செய்வதையே செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை, சூரியன் தென்னைகளுக்கு மேலே வருவதற்கு முன், ஹயாத்து முகம்மது மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கார் வேலிக்குப் பக்கத்தில், கவிழ்த்த படகுக்கு அருகில் நின்றது. யூஜினி ஏறிச் சாவியைத் திருப்பினாள். கார் இருமியது, உடம்பை உலுப்பியது, கதவுகள் தடதடத்தன.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று ஹயாத்து முகம்மது கையைத் தட்டினார்.

“என்ன நானா சந்தோசம்? இண்டைக்கு வெள்ளிக்கிழமை.”

“மூண்டு நாளா ஒளிச்சவன் ஆள் காட்டிட்டானே தங்கச்சி! நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க.”

பொனட்டைத் தூக்கினார். எஞ்சினின் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்ரிக் மூடி வாங்கும்போதே இருக்கவில்லை. மூன்றாவது கொயிலின் ஆணியைக் கழற்றி, கொயிலை மெதுவாக மேலே இழுத்தார். அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. ரோர்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தார். பிளக்கின் கழுத்து வரை தண்ணீர் நின்றது.

அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

“என்ன நானா?”

“தண்ணி.”

“மழை பேஞ்சு ஒரு மாசமாச்சே.”

“அதுதான் பயமாயிரிக்கி. வெளித் தண்ணி இல்லாட்டி உள்தண்ணி. எஞ்சினைக் குளிராக்குற தண்ணி ஓடுற வழியில எங்கயோ வெடிச்சு இதுக்குள்ள கசியுதோ தெரியா. அப்பிடியெண்டா மேல் பாதி முழுக்கக் கழட்டணும்.”

“இண்டைக்குள்ள ஏலாதா?”

“இண்டைக்கா? ஒரு கிழமை வேணும் தங்கச்சி.”

யூஜினி கவிழ்ந்த படகின் ஓரத்தில் உட்கார்ந்தாள். விடுதியின் கொடிகள் தென்னைகளுக்கு அப்பால் படபடத்தன. பின்னேரத்துக்குள் அஜித்தாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஓட்டோவும் இல்லை, இனி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போக மட்டும் ஒரு கார். றொபி அவளுக்குப் பக்கத்தில் நின்று கால் பெருவிரலால் மணலைக் கிளறினான்.

ஹயாத்து முகம்மது ரேடியேற்றரின் மூடியைத் திறந்து பார்த்தார். பச்சைத் தண்ணீர் விளிம்பு வரை இருந்தது. ஒரு துளிகூடக் குறையவில்லை. அவர் திரும்பி வந்து, ஒரு துணியைச் சுருட்டி மூன்றாவது குழிக்குள் விட்டு நனைத்து எடுத்தார். பச்சை நிறம் இல்லை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். இன்னொரு தரம் முகர்ந்தார்.

“மச்சான், இங்க வா. இதென்ன வாசம்?”

றொபி முகர்ந்தான். எலுமிச்சை வாசம். “தேசிக்காய்.”

“ஓம், தேசிக்காய். உங்கட கார் ராவைக்கு எழும்பிக் கோப்பை கழுவுதா?”

யூஜினி றொபியைப் பார்த்தாள். றொபி வேலியில் சுருட்டி வைத்திருந்த ஹோஸைப் பார்த்தான்.

“எஞ்சினைக் கழுவுறது,” என்றான்.

“எந்த எஞ்சினை?”

“இதைத்தான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நல்லதண்ணி அடிச்சு, கோப்பை கழுவுற சவர்க்காரத் தண்ணியில ரெண்டு சொட்டு விட்டு... கழுவாம என்னண்டு நானா எஞ்சினை விடுறது?”

“நீ ஒண்டும் செய்யல்ல எண்டு சொன்ன!”

“கழுவுறது செய்யிறதா? அது சும்மா கழுவுறதுதானே!”

கடற்கரையில் இதைக் கேட்டால் றொபியின் பக்கந்தான் எல்லோரும் நிற்பார்கள். கடலிலிருந்து வந்த எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவாமல் வீட்டுக்குப் போகிறவனை மனிதனாகவே யாரும் மதிப்பதில்லை. மீன் விலை பேசுவதும் சாப்பிடுவதும் அதற்குப் பிறகுதான். ஒருவன் அவசரத்தில் கழுவாமல் விட்டுப் போனால், அதைக் காண்கிற அடுத்தவன் யாருடையது என்று கேட்காமல் கழுவிவிட்டுப் போவான். றொபி பதினாறு வயதிலிருந்து அப்படிச் செய்து வருகிறான். கச்சான் காலத்தில் கழுவுவதற்குப் படகு எஞ்சின் இல்லாமல் கை சும்மா இருந்தபோது, வாசலில் இன்னொரு எஞ்சின் வந்து நின்றது. யூஜினி குசினியிலிருந்து தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளும் மீனவர் வீட்டில் பிறந்தவள். அவளுக்கும் அதில் வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை.

“சூடா இருக்கக்க அடிச்சாலும் பரவாயில்ல, காஞ்சு போகும்,” என்றார் ஹயாத்து முகம்மது.

“சூடு ஆறினதுக்குப் பிறகுதான் அடிப்பன். சூட்டில அடிக்க நான் மொக்கனா?”

“அதுதானே! ஆறவச்சு, பக்குவமா, குழி நிறைய ஊத்தி வச்சிரிக்க. மூண்டாவது இடத்தில எஞ்சின்ட தலை கொஞ்சம் பள்ளம், தண்ணி வந்து அங்கதான் நிக்கும். குழியை அடைக்கிற ரப்பரும் கல்லாப் போயிட்டு. காலையில தண்ணியில பொறி செத்துப் போகுது. தலவில் போறத்துக்குள்ள எஞ்சின் சூட்டில ஆவியாயிருது. என்ட கராஜுக்கு வரக்க சாட்சி இல்ல.”

இதற்குள் பக்கத்து வீட்டுச் சூசைப்பிள்ளை வேலிக்கு மேலே தலையை வைத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், இன்னும் களப்பில் வலை போடுகிறவர், எந்தக் கதையையும் பாதியில் வந்து பிடிக்கக்கூடியவர்.

“உப்புக் காத்து, ஹயாத்து. நீ வெங்காயக்காரன், உனக்கு விளங்காது. கழுவாத எஞ்சின் ரெண்டு வருசம் நிக்காது.”

“மாமா, படகு எஞ்சின் கழுவுறத்துக்கெண்டே செஞ்ச சாமான். இது அப்பிடி இல்ல.”

“அப்ப ஜப்பான்ல மழை பெய்யிறதில்லையோ?”

“பெய்யும். பொனட்டுக்கு மேல பெய்யும். பொனட்டைத் தூக்கி வச்சிட்டு, தேசிக்காய் சவர்க்காரம் போட்டுப் பெய்யாது.”

யூஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. றொபியும் சிரிக்க முயன்று பார்த்துவிட்டு, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

“நீங்க சிரிக்க வேணாம்,” என்றாள் அவள். “ஒவ்வொரு நாளும் என்ட தொழிலைக் கழுவிக் கழுவி ஊத்தியிருக்கிறீங்க.”

குழிகளைக் காய வைக்கக் காற்று வேண்டும். கராஜில் இருக்கிற காற்று மெசினைக் கொண்டுவர முடியாது. ஹயாத்து முகம்மது யோசித்துக்கொண்டு நிற்கும்போது றொபி ஓடிவிட்டான். கடலில் சறுக்கக் கற்றுக்கொடுக்கும் கூடாரத்திலிருந்து, பட்டங்களுக்குக் காற்று அடிக்கிற பெரிய கைப்பம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். பம்பின் குழாயை மூன்றாவது குழிக்குள் விட்டு ஒரு அமுக்கு அமுக்கியபோது தண்ணீர் எகிறி ஹயாத்து முகம்மதின் தாடியை நனைத்தது.

“தேசிக்காய்,” என்றார் அவர், துடைத்துக்கொண்டே.

முதல் மூன்று குழிகளையும் அவர் துணியாலும் காற்றாலும் துடைத்துக் காட்டினார். நாலாவதை யூஜினியே கழற்றினாள். ஒரு ஆணி, ஒரு இணைப்பு, கொயிலை மேலே இழுப்பது; ஓட்டோவின் பிளக்கை ஐந்து வருடம் தானே மாற்றியவளுக்கு அது பெரிய வேலையாக இருக்கவில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி அவள் சாவியைத் திருப்பியபோது கார் ஒரே குரலில் ஓடியது. சூசைப்பிள்ளை வேலிக்கு மேலே நின்று, கழுவாமல் விட்டால் உப்பு அரித்துவிடும் என்பதை இன்னொரு முறை பதிவு செய்தார்.

“புது ரப்பர் கொழும்பிலயிருந்து வரணும்,” என்று ஹயாத்து முகம்மது புறப்படும்போது சொன்னார். “அது வரும்வரைக்கும், வந்த பிறகும், இதுக்குள்ள ஹோஸ் பிடிக்கிற வேலை வேணாம். உப்புக்குப் பயமெண்டா ஈரத்துணியால துடைங்க, போதும். இண்டைக்குப் பின்னேரம் கொஞ்ச நேரம் பொனட்டைத் திறந்து வையுங்க, மிச்ச ஈரமும் போகட்டும். நான் ஜும்ஆவுக்குப் போகணும்.”

யூஜினி காரை விடுதிக்கு ஓட்டிக்கொண்டுபோனாள். அஜித்தா பக்கத்தில் ஏறி, ஒரு நிமிடம் காதைக் கொடுத்து, “ஸ்டார்ட்ல இருக்கா அக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது என்றதும், நாளை விடியற்காலை நாலு மணிக்கு வரச் சொன்னாள்.

அன்று பின்னேரம் றொபி தன் கைகளோடு மிகவும் கஷ்டப்பட்டான். காற்று கடலிலிருந்து உப்பைத் தூவிக்கொண்டிருந்தது. பொனட் திறந்திருந்தது. அவன் இரண்டு தடவை வேலி வரை போய், ஹோஸைத் தொடாமல் திரும்பினான். கடைசியில் கொட்டிலுக்குப் போய், மூன்று கிழமையாகக் கடலைக் காணாத படகு எஞ்சினைக் கழுவினான். ஜூன், இயேசுவின் திரு இருதயத்துக்குரிய மாதம். கோயிலில் ஆராதனைக்கு மணி அடித்தது. இருவரும் உடுப்பு மாற்றிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வரும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. காருக்கு அடியில் மணல் நனைந்து கறுத்திருந்தது. பொனட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்தில் வாளியோடும் சிரட்டையோடும் சூசைப்பிள்ளை நின்றார். முகத்தில் வேலை முடிந்த திருப்தி.

“மாமா!” என்று றொபி கத்தினான். “ஹயாத்து நானா சொன்னதைக் கேட்டுக்கொண்டுதானே நிண்டீங்க!”

“கேட்டன், கேட்டன். ஹோஸ் பிடிக்க வேணாமெண்டான். நான் ஹோஸ் தொடல்லையே. சிரட்டையால மெதுவா ஊத்தினன்.”

“ஏன் மாமா ஊத்தினீங்க?”

“நீங்க கோயிலுக்குப் போயிட்டீங்க. எஞ்சின் கழுவாமத் திறந்து கிடக்குது. நாளைக்கு நல்ல காரியத்துக்குப் போற எஞ்சின் வேற. பாத்திட்டுப் போக எனக்கு மனம் வரல்ல மகன்.”

மாசி மாதம் றொபி காய்ச்சலில் கிடந்தபோது, அவனுடைய படகை வேறு ஆட்கள் கொண்டுபோய்க் கொண்டுவந்த நாட்களில், எஞ்சினைத் தினமும் கழுவித் துடைத்துக் கொட்டிலில் தொங்கவிட்டவர் இதே சூசைப்பிள்ளை. அப்போது நன்றி சொல்லியதுமில்லை, அவர் எதிர்பார்த்ததுமில்லை.

யூஜினி செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குக் கட்டிய சேலையை இடுப்பில் செருகினாள். ஹயாத்து முகம்மதுக்குப் போன் எடுத்தாள். அவர் கதையை முழுவதும் கேட்டார். அதன் பிறகு கொஞ்ச நேரம் பேச முடியாமல் சிரித்தார்.

“சிரிச்சு முடிஞ்சா சொல்லுங்க நானா. நாலு மணிக்கு நான் போகோணும்.”

“முதல்ல ஸ்டார்ட் பண்ணாதீங்க. காலையில நாலாவதை நீங்கதானே கழட்டினீங்க? அதே மாதிரி நாலையும். மூண்டாவதைக் கவனமாப் பாருங்க. பம்ப் இரிக்கா?”

பம்பை றொபி இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. முதல் தடவையாக அவனுடைய சோம்பல் யாருக்கோ உதவியது என்று யூஜினி சொன்னாள்.

“பம்ப் அடிக்கிறது மாமா,” என்று அவள் தீர்ப்புக் கொடுத்தாள். “றொபி ரோர்ச் பிடிக்கட்டும். அவர் வேறொண்டையும் தொடக்கூடாது.”

சூசைப்பிள்ளை மறுப்பில்லாமல் வாளியை வைத்துவிட்டுப் பம்பைப் பிடித்தார். முதலாவது குழி காய்ந்திருந்தது. இரண்டாவதில் ஈரம். மூன்றாவது நிறைந்திருந்தது. யூஜினி பழைய பனியனைக் கிழித்துச் சுருட்டி உள்ளே விட்டு, உறிஞ்சவைத்து, பிழிந்து, மறுபடியும் விட்டாள். பிறகு “அடிங்க” என்றாள். சூசைப்பிள்ளை அடித்தார். “இன்னும் அடிங்க.” அவருக்கு மூச்சு வாங்கியது.

“படகுக்கு இவ்வளவு பாடு இல்லடி பிள்ள.”

“படகுக்கு நீங்க ஊத்தலாம் மாமா. அடிங்க.”

கொயில்களையும் துடைத்து, ஒவ்வொன்றாகப் பூட்டி, ஆணிகளை இறுக்கினாள். றொபி வெளிச்சத்தை அசைக்காமல் பிடித்தான். அவள் ஏறிச் சாவியைத் திருப்பினாள். கார் ஒரு தடவை குலுங்கி, இரண்டு தடவை குலுங்கி, பிறகு சீராகியது. மூவரும் நின்று கேட்டார்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தி, ஆறவிட்டு, திரும்ப ஸ்டார்ட் பண்ணினாள். குலுக்கம் இல்லை. பொனட்டை இறக்கி அமுக்கினாள்.

சூசைப்பிள்ளை வாளியைத் தூக்கினார். அதில் அரை வாளி நல்ல தண்ணீர் மிச்சம் இருந்தது.

“டயரையாவது கழுவலாமா?” என்று கேட்டார்.

“டயரைக் கழுவுங்க மாமா.”

சனிக்கிழமை காலை கார் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. இரண்டு ஜேர்மன் பெண்களையும் யூஜினி வாசல் திறக்கும் முன்பே எலுவன்குளத்தில் இறக்கினாள். அவர்கள் ஒரு கரடியும் மூன்று யானைகளும் பார்த்தார்கள், சிறுத்தை பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு விடுதியில் இருந்தார்கள். அஜித்தா புத்தளத்து வேன்காரருக்குப் போன் எடுத்து, இந்த சீசனுக்கு வேன் தேவையில்லை என்று சொன்னாள்.